மருந்தேற்றிய மரத்தின் மேல் அலுமினியத் தகடு: விட்டுவிடலாமா, கழற்றிவிடவா?

வணக்கம். வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு மரத்தளம் போட்டுக்கொண்டிருக்கிறோம். சுவரில் போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் சட்டம் ஏசிக்யூ (ACQ) என்ற, மரம் உளுக்காமல் காக்கும் செம்பு கலந்த மருந்தேற்றிய மரம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மழைநீர் இறங்காமலிருக்க, தச்சர் மேலே அலுமினிய ஃபிளாஷிங்கை (நீர் தடுக்கும் தகட்டை) மடித்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

ஆர்சனிக் கலந்த பழைய சிசிஏ மருந்தைவிட ஏசிக்யூவில் செம்பு அதிகம். மரம் நனையும்போது அந்தச் செம்பு அலுமினியத்தோடு சேர்ந்தால் புள்ளி புள்ளியாக அரித்து, கடைசியில் ஓட்டை விழும். அதன் வழியே நீர் இறங்குவது வெளியே தெரியவே தெரியாது. சட்டம் உளுத்து போல்ட் பிடி விட்டால் தளமே சுவரிலிருந்து பிரிந்துவிடும். குழந்தைகள் ஓடி விளையாடப்போகும் இடம் அது.

துருப்பிடிக்காத எஃகுத் தகடோ செம்புத் தகடோ போட்டால் இந்தத் தொல்லை இல்லை. செம்பு என்றால் ஆணியிலும் கவனம் வேண்டும். துத்தநாகம் பூசிய ஆணி அதோடு ஒத்துவராது, சீக்கிரம் அரித்துப்போகும்.

நான் கேட்க வந்தது இதுதான். இருக்கிற அலுமினியத்தைக் கழற்றி, மரத்தின் மேல் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரியான, நீர் புகாத ஒட்டும் நாடா) ஒட்டிவிட்டு மறுபடி அதையே அடித்தால் தாங்குமா? ஆணி துளைக்கும் இடத்தில் ஈரம் ஏறாதா? இப்படிச் செய்துவிட்டு, சில வருடம் கழித்துத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தரைப்பலகை இன்னும் அடிக்கவில்லை. மாற்றுவதென்றால் இப்போதுதான் முடியும்.