புதுப்பிப்பு: அண்ணனின் கணைய அறுவை சிகிச்சை, ஐந்து ஆண்டுகளுக்குப் பின்

நாள்பட்ட கணைய அழற்சியால் வலியில் துடித்த மன்னார்குடி அண்ணனுக்கு ஃப்ரே அறுவை சிகிச்சை செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். 39 பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் செலுத்திச் செய்யும்) சிகிச்சை பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 75 விழுக்காட்டினருக்கும் வலி தணிந்திருந்ததே எங்களைத் துணியவைத்தது.

அந்த ஃப்ரே முறையில் கணையத் தலைப்பகுதியைக் குடைந்து, கற்களை அகற்றி, திறந்த கணையக் குழாயைச் சிறுகுடலுடன் இணைத்தார்கள். வரப்பிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுபவர், இந்தக் குறுவைக்கு நாற்றுப் பறிப்பு முடியும்வரை வயலில் நின்றார். வலி ஆண்டுக்கு ஓரிரு முறை எட்டிப் பார்ப்பதோடு சரி.

ஆனால் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அறுவை சிகிச்சை வலியைத்தான் தணிக்கும், பழுதான கணையத்தை மீட்டுத் தராது என்று மருத்துவர் சொன்னதை நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. இன்சுலினும், முதல் கவளத்தோடு விழுங்கும், செரிமானத்துக்கான நொதி மாத்திரையும் (அதன் விலைதான் கடிக்கிறது) தொடர்கின்றன.