மறு: எண்டோகன்னபினாய்டு – ‘அகக்கஞ்சம்’ வேண்டாம், ‘மடைமூடி’ சரியா வருமா?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

எண்டோகன்னபினாய்டுக்கு, அதாவது கஞ்சாச் செடில உள்ள பொருள் மாதிரி நம்ம உடம்பே செய்யற பொருளுக்கு, நேத்து ‘அகக்கஞ்சம்’னு ஒரு தமிழ்ச்சொல் வந்துச்சுல்லா, அதுல அகம் சரி, கஞ்சாலருந்து எடுத்த கஞ்சம் எனக்கு ஒப்பல. எனக்க தங்கச்சி மகளுக்கு ஏழு வயசுலருந்து வலிப்பு. நம்ம மூளையே வலிப்ப அடக்க ஒரு பொருள் செய்யுதுன்னு தங்கச்சிட்ட சொல்லப் போயி, வாய்ல கஞ்சான்னு வந்ததுமே “எம்பிள்ளைக்கு கஞ்சாவா குடுக்கச் சொல்லுதிய”ன்னு எந்திரிச்சுப் போயிட்டா, அதுக்கப்புறம் நான் சொன்ன ஒண்ணும் அவ காதுல ஏறல.

செடி பேரு ஒட்டுனதே நமக்கு தெரியவந்த வரிசைனாலதான். 1964ல கஞ்சால போதை தர்ற டிஹெச்சி, 1990ல மூளைல அது போய் ஒட்டுற ஏற்பிக்க (சிபி1) ஜீன், 1992லதான் ஜெருசலேம்ல மெக்கூலம் குழு உடம்பு தானா செய்யற ஆனந்தமைட கண்டுபிடிச்சாவ (நம்ம ஆனந்தமேதான்), 1995ல உடம்பு செய்யற இன்னொரு பொருளான 2-ஏஜி. கடைசில கெடச்சதுக்கு மொதல்ல பாத்த செடிக்க பேர வச்சாச்சு.

அது செய்யற வேலைய பாருங்க. ரெண்டு நரம்பணு சேருற எடத்துல ஒருத்தன் துடிப்ப தூண்டுற குளுட்டமேட்ட விடுவான், மத்தவன் வாங்கித் துடிப்பான். வாங்குதவனுக்கு மிஞ்சிப்போச்சுன்னா அவன் சவ்வுல உள்ள கொழுப்புலருந்து அப்பமே 2-ஏஜிய செஞ்சு எதிர்த்திசைல அனுப்புதவன்கிட்ட விடுவான், அது சிபி1 ஏற்பில போய் ஒட்டுனதும் அங்க கால்சியம் நுழையது கொறைஞ்சு குளுட்டமேட்டும் கொறையும். அனந்தனார் சானல்ல தண்ணி வரும்போ வயல் நெறஞ்சவன் வரப்போட ஏறிப்போயி மடைய மூடுவான்லா, அதேதான். அதனால ‘மடைமூடி’. சிபி1 ‘மடைமூடி ஏற்பி’. செடில உள்ளதுக்கு கன்னபினாய்டுன்னே இருக்கட்டும்.

முன்மூளைல குளுட்டமேட்ட விடுற அணுக்கள்ல சிபி1ஐ எடுத்துட்ட சுண்டெலிகளுக்கு, வலிப்பு வரவைக்கற கைனிக் அமிலம் குடுத்தப்போ வலிப்பு ரொம்ப மோசமா வந்துச்சுன்னு 2003லயே காட்டிட்டாவ. ஆனா இன்னொண்ணு இருக்கு, அதுதான் முக்கியம். துடிப்ப அடக்கற காபாவ விடுற முனைலயும் சிபி1 உண்டு. அந்த மடைய மூடுனா அடக்குதவனுக்க கையத்தான் கட்டுதோம். உடம்பு தேவப்பட்ட எடத்துல, தேவப்பட்ட நேரத்துல மட்டும் மூடும், கஞ்சாப் புகை எல்லா மடைலயும் ஒருசேர கைவைக்கும். அகக்கஞ்சம்னு எழுதுனா இந்த வித்தியாசமே அழிஞ்சுபோகும், எவனாவது மாத்திரைய நிறுத்திட்டு புகைய நம்பிடுவான்னு எனக்கு பயம். 2018ல அமெரிக்கால டிராவெட், லெனாக்ஸ்-கஸ்டோ வலிப்புகளுக்கு அனுமதிச்ச, கஞ்சாச் செடிலருந்து எடுக்கற கன்னபிடையால் மருந்தும் வேற கத, அது சிபி1ல சரியா ஒட்டவே ஒட்டாது.

வலி, பசி இதுலயும் இந்த பொருளுக்கு வேலை இருக்கே, மடைமூடி போதுமான்னு கேப்பிய. அங்கயும் சேதிய மட்டுப்படுத்தற வேலைதான் பெரும்பாலும், பொருந்தும்னு நெனைக்கேன்.

இப்ப எனக்கு முட்டுறது ஒண்ணுதான். 2-ஏஜிய ஒடச்சு மடைய திரும்ப தொறக்கற நொதி, எம்ஏஜிஎல். அதுக்கு ‘மடைதிறப்பி’ன்னு போடலாமா, இல்ல நொதின்னு தெரியணும்னா ‘மடைதிறநொதி’யா? சொல்லுங்க.