வாய்க்கால் கரையில் மண்டிக் கிடப்பது சிலோன் பசலையா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரை முழுக்க ஒரு கீரை. யாரும் விதைத்ததில்லை. சதைப்பற்றான வழுவழு இலை, ஒடித்தால் நீர் கசியும் தண்டு, ஐந்து இதழில் இளஞ்சிவப்புப் பூ. காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்கிறது. பூந்தண்டைத் தடவினால் மூன்று பட்டை தெரிகிறது.

அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்த சிலோன் பசலைதான் வேலி தாண்டியிருக்கிறது என்பது என் ஊகம். இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று உண்டு. அதற்குப் பூந்தண்டு மெலிந்து பல கிளையாகப் பிரியும், பூவும் பிற்பகலில்தான் விரியும். அது இல்லை என்று நினைக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன், உறுதிப்படுத்துங்கள்.

அப்புறம், வாய்க்காலில் சாக்கடையும் கலக்கிறது. அதனால் அங்கே பறித்துச் சமைக்கப் போவதில்லை. தண்டை ஒடித்துத் தொட்டியில் நட்டால் துளிர்க்கும் புதுக் கீரையைச் சாப்பிடலாமா? வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் உண்டு. இதில் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். வேகவைத்து நீரை வடித்தால் குறையும், ஆனால் அவருக்கு அது போதுமா? சித்த மருத்துவர், உணவியல் படித்தவர் யாராவது இருந்தால் பதில் போடுங்கள்.