உதவி தேவை: ஹிட்ச்சர் 2 (2003) சப்டைட்டில் போகப்போகப் பின்தங்குது

பாலா செங்கோட்டை:
வணக்கம் மக்களே. "தி ஹிட்ச்சர்" ரெண்டாம் பாகத்தோட ஐரோப்பியப் பதிப்பு டிவிடி கைக்கு வந்திருக்கு. ஒலி ஆங்கிலம்தான், ஆனா டிஸ்க்ல ஆங்கில சப்டைட்டில் இல்லை. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கீழே எழுத்து ஓடினாத்தான் பார்ப்பார். முதல் படத்தை வீடியோ கேசட் காலத்துல பார்த்தவர். பிரெஞ்ச் ஃப்ரைஸ் தட்டுல விரல் கிடக்குமே, அந்தக் காட்சியை இன்னைக்கும் சாப்பாட்டு நேரத்துலதான் சொல்லிக் காட்டுவார்.

லேப்டாப்ல விஎல்சிங்கற வீடியோ பிளேயர்ல போட்டு, நெட்டுல கிடைச்ச எஸ்ஆர்டி ஃபைலை, அதாவது சப்டைட்டில் ஃபைலைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு ஃபைல்ல படத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொண்ணு ஆரம்பத்துல ஒழுங்கா வருது, பாதிப் படத்துல பார்த்தா வசனம் முடிஞ்சு அடுத்த காட்சி போன பிறகு எழுத்து வந்து நிக்குது. எழுத்தை முன்னே பின்னே நகர்த்தற ஜி, ஹெச் விசைகளைத் தட்டித் தட்டி விரல் தேஞ்சதுதான் மிச்சம். வழி சொல்லுங்க.

கொட்டகை குமார்:
ரெண்டும் வேற வேற வியாதி மாதிரி தெரியுது. முதல் ஃபைலை நோட்பேடில திறந்து, என்னென்ன பேர் வருதுன்னு சொல்லுங்க. ரெண்டாவதுல தாமதம் ஒரே அளவா நிக்குதா, இல்ல ஏறிக்கிட்டே போகுதா?

பாலா செங்கோட்டை:
முதல் ஃபைல்ல ஜிம், ஜான் ரைடர், அப்புறம் கிரேஸ்னு ஒரு பேர் அடிக்கடி வருது. ஜிம் ஹால்சிதானே ஹீரோ? அப்ப ஃபைல் சரிதானே?
ரெண்டாவது ஏறிக்கிட்டேதான் போகுது. அரை மணியில ஒரு நிமிஷத்துக்கு மேல, கடைசிக் காட்சியில மூணரை நிமிஷத்தையும் தாண்டிருச்சு.

கொட்டகை குமார்:
கிரேஸ் வந்தாலே அது 2007 படம். நிறைய பேர் அதைத்தான் ரெண்டாம் பாகம்னு போட்டு வச்சிருக்காங்க. அது தொடர்ச்சியே இல்லை, முதல் கதையையே டேவ் மையர்ஸ் திரும்ப எடுத்தது. அதுல லிஃப்ட் கேட்டு ஏறுற கொலைகாரன் ஜான் ரைடரா வர்றது ஷான் பீன், ஜிம்மோட காதலி கிரேஸ், அதாவது சோஃபியா புஷ்.

உங்க டிஸ்க்ல இருக்கறதுதான் அசல் தொடர்ச்சி. லூயி மோர்னோ இயக்கினது, கொட்டகைக்கு வராம நேரா வீடியோவுக்கு வந்தது. 1986ல ஜிம்மா நடிச்ச அதே சி. தாமஸ் ஹவல் இதுலயும் ஜிம். லிஃப்ட் கேட்டு ஏறுறவன் பேர் இதுல ஜாக், ஜேக் பியூசி நடிச்சது. காதலி மேகி, காரி வூரர். ஜிம் மூணு படத்துலயும் உண்டு, அதனால அந்தப் பேரை வச்சு ஃபைலைப் பிரிக்க முடியாது. "மேகி"ன்னு தேடுங்க. இருந்தா வச்சுக்கோங்க, இல்லன்னா தூக்கிப் போடுங்க.

எடிட்டிங் மேசை:
ரெண்டாவது ஃபைல் சரியான ஃபைல்தான் பாலா, வேகம்தான் ஒத்துப் போகலை. படம் எடுத்தது விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். அமெரிக்க டிவிடியிலிருந்து எடுத்த சப்டைட்டில் 23.976 கணக்குல இருக்கும். ஐரோப்பாவுல பால் (PAL)ங்கற டிவி முறை, அங்கே படத்தை 25 ஃபிரேமுக்கு முடுக்கிவிடுவாங்க. அதனால படம் நூத்துக்கு நாலு பங்கு சீக்கிரம் முடியும். 93 நிமிஷப் படம் 89 நிமிஷத்துக்கு வந்துரும். எழுத்து மட்டும் பழைய நடையிலேயே வரும். நீங்க சொன்ன மூணரை நிமிஷம் இதுக்கு அச்சா பொருந்துது. நடிகர்கள் குரலும் ஒரு இழை கீச்சுன்னு ஏறியிருக்கும், கவனிச்சுப் பாருங்க.

ஜி, ஹெச் முழு ஃபைலையும் முன்னே பின்னே தள்ளுமே தவிர, சுருக்காது. அதான் ஒரு இடத்துல சரி பண்ணினா அடுத்த இடத்துல இடிக்குது. சப்டைட்டில் எடிட்னு இலவச மென்பொருள் இருக்கு. அதுல ஃபைலைத் திறந்து, சிங்க்ரனைசேஷன் மெனுவுல சேஞ்ச் ஃபிரேம் ரேட் போய், முதல் கட்டத்துல 23.976, ரெண்டாவதுல 25 கொடுங்க. மாத்திப் போட்டா தாமதம் ரெண்டு மடங்காயிரும், ஜாக்கிரதை. வேற பேர்ல சேமிங்க, பழையது அப்படியே இருக்கட்டும்.

நைட் ஷோ ரசிகன்:
தல, இந்தப் படத்துக்கா இவ்வளவு பாடு? முதல் படத்துல கொலைகாரனா வந்த ரட்கர் ஹவர் இல்லாத ஹிட்ச்சர், உப்பு இல்லாத பண்டம். அவர் ஏன் கொல்றார்னே கடைசி வரை சொல்லாம விட்டதுதான் முதல் படத்தோட பலம். ஜேக் பியூசி பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கார், பயமே வரலை.

கொட்டகை குமார்:
முதல் படம் வந்தப்ப அதையும்தான் கிழிச்சாங்க ரசிகரே. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு ஸ்டார் கூடக் கொடுக்கலை. ரெண்டாம் பாகம் சுமார்தான், ஒத்துக்கறேன். ஆனா பழைய ஜிம் பயத்தோடயே வளர்ந்து போலீஸ் ஆகி, வேலையும் போய், இனி யாருக்கும் லிஃப்ட் கொடுக்கக் கூடாதுன்னு இருக்கான், ஜாக்கை ஏத்திக்கலாம்னு சொல்றது மேகி. அந்த ஒரு காட்சிக்கே ஹவல் திரும்பி வந்ததுல அர்த்தம் இருக்கு.

(பாலா, இதுக்குக் கீழே கதை உடைக்கிறேன், அப்பாகிட்டச் சொல்லிராதீங்க.) ஜிம் பாதியிலேயே போயிருவான். மீதிப் படம் மேகி தலையில. முதல் படத்துல ஜிம்முக்கு நடந்ததுதான் இவளுக்கும், கொலைப் பழி இவ மேல விழும், போலீஸ் இவளைத் துரத்தும். ஒண்டியா சண்டை போடறது அவதான். ரசிகருக்கு அது கண்ணுல படலை போல.

பாலா செங்கோட்டை:
25 கொடுத்து மாத்திட்டேன் அண்ணா. நடுவுல, கடைசியில ரெண்டு இடத்துலயும் பார்த்தேன், தாமதம் ஏறலை. ஆனா இப்ப படம் முழுக்க ஒரே சீரா எழுத்து ஒரு விநாடி முந்துது. மறுபடி வேகத்தை மாத்தணுமா?

எடிட்டிங் மேசை:
வேண்டாம், அதைத் தொடாதீங்க. ஆரம்ப லோகோ ஒவ்வொரு டிஸ்க்லயும் முன்னப் பின்ன இருக்கும். ஒரே சீரா முந்தினா ஹெச் போதும், ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி பின்னால போகும். படத்தை மூடினா அது மறந்துரும், அதனால அளவு பிடிபட்டதும் சப்டைட்டில் எடிட்லயே எல்லா நேரத்தையும் அவ்வளவு தள்ளிச் சேமிச்சுருங்க. எழுத்து அளவையும் பெருசாக்கி வைங்க, அப்பா கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை.