85ஐத் தாண்டினால் படகு ட்ரெய்லர் வாலாட்டுகிறது: காரை மாற்றத்தான் வேண்டுமா?

கெண்டை:

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னில் கிளேட்டன் பகுதியில் குடியிருக்கிறேன். இங்குள்ளவர்கள் 'டின்னி' என்று அழைக்கும் அலுமினியப் படகு ஒன்றைச் சென்ற மாதம் அதன் ட்ரெய்லரோடு சேர்த்துப் பழையதாக வாங்கினேன். நீளம் 4.3 மீட்டர்; பின்புறம் 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். இழுப்பது எங்கள் குடும்பக் கார்தான், நான்கு சக்கர இயக்கமுள்ள ஐந்து இருக்கை ஹைபிரிட். பிரேக் உள்ள ட்ரெய்லரானால் 1500 கிலோ, பிரேக் இல்லாததானால் 750 கிலோ, டோ பாலின் (ட்ரெய்லரை மாட்ட காரின் பின்னால் இருக்கும் குண்டு) மேல் இறங்கும் எடை 150 கிலோ வரை என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். என் ட்ரெய்லரில் பிரேக் இல்லை.

இதுவரை இரண்டு முறை ஹேஸ்டிங்ஸ் துறைக்குப் போய் வந்திருக்கிறோம். இரண்டாம் முறை பெனின்சுலா லிங்க் சாலையில் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டரைத் தாண்டியதும், காரின் பின்பகுதியை யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் படகின் பின்புறம் இடமும் வலமுமாக வீசிக்கொண்டிருந்தது. நான் பயந்து பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் கூடியது. எப்படியோ வேகம் 70க்கு இறங்கிய பிறகுதான் அடங்கியது. அதற்குப் பிறகு வீடு திரும்பும்வரை காரில் ஒருவரும் பேசவில்லை.

காருக்கு இழுக்கும் சக்தி போதவில்லை, டீசல் யூட் (பின்னால் திறந்த சுமைத்தட்டுள்ள வண்டி) வாங்கு என்கிறார் என் மைத்துனர். படகு வாங்கிய கையோடு வண்டியும் வாங்கும் நிலையில் நான் இல்லை. இதைத் தவிர இன்னும் இரண்டு குறைகள் உண்டு: வலது இண்டிகேட்டரைப் போட்டால் ட்ரெய்லரின் பின்விளக்குகளும் சேர்ந்து மினுக்குகின்றன, துறையில் இறங்கித் தொட்டுப் பார்த்தபோது இடது சக்கரத்தின் நடுப்பகுதி வலதைவிடச் சூடாக இருந்தது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடுஞ்சாலை:

உங்கள் மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பெரிய டீசல் வண்டியில் 5.5 மீட்டர் படகை இழுக்கிறேன், ஒருநாளும் ஆடியதில்லை. இழுக்கும் வண்டி எடையாக இருந்தால் ட்ரெய்லர் அதை அசைக்க முடியாது.

பழைய மெக்கானிக்:

கனமான வண்டி ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பது சரி. ஆட்டம் ஏன் பிறந்தது என்பதற்கு அது பதிலாகாது. கெண்டை இழுப்பது கையேடு அனுமதிக்கும் எடைக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நினைப்பதை வைத்து எதையும் கழற்றக்கூடாது. விற்றவர் சொன்ன எடையை நம்பாமல், பெட்ரோல், பாட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி என்று மீன்பிடிக்கப் போகும்போது ஏற்றும் அத்தனையையும் ஏற்றி, பொது எடைமேடைக்குக் கொண்டுபோய், ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தி எடை பாருங்கள்.

பிறகு ட்ரெய்லரின் தட்டில் அடித்திருக்கும் ஏ.டி.எம். எண்ணைப் பாருங்கள். பணம் எடுக்கும் ஏ.டி.எம்.மை எண்ணிக் குழம்ப வேண்டாம்; ட்ரெய்லரும் அதில் ஏற்றிய சுமையும் சேர்ந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்பதன் பெயர் அது. ஜி.டி.எம். என்றொரு எண்ணும் உண்டு. காரில் மாட்டிய நிலையில் ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடை அது. ஆஸ்திரேலிய விதிப்படி பிரேக் தேவையா என்பதை இந்த இரண்டாவது எண்தான் தீர்மானிக்கிறது: 750 கிலோ வரை பிரேக் கட்டாயமில்லை, அதற்கு மேல் 2000 வரை குறைந்தது ஒரு அச்சின் சக்கரங்களுக்காவது பிரேக் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக எனக்கு வேண்டிய எண் வேறு. ட்ரெய்லரின் முன்முனையில் டோ பாலைக் கவ்வும் கப்ளிங் தலை அதன் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறது? சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டோ பாலின் உயரத்துக்குச் சரியாக ஒரு மரத்துண்டை வெட்டி, குளியலறை எடைக்கருவியின் மேல் நிறுத்தி, கப்ளிங்கை அதன் மேல் இறக்குங்கள். கழற்றிய ட்ரெய்லரின் முன்பகுதியைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலை எடைக்கருவியில் வைத்து அளக்காதீர்கள். அது அச்சுக்கு நெருக்கமாக இருப்பதால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கப்ளிங்கிலிருந்து அச்சு வரை உள்ள நீளத்தையும் அளந்து எழுதுங்கள்.

கெண்டை:

நன்றி ஐயா. சனிக்கிழமை அளந்தேன். எல்லாவற்றையும் ஏற்றிய நிலையில் மொத்தம் 620 கிலோ; தட்டில் ஏ.டி.எம். 750. கப்ளிங்கிலிருந்து அச்சு வரை 3.6 மீட்டர். டோ பாலின் மேல் 21 கிலோதான். இவ்வளவு குறைவாக இருக்கிறதே, இது நல்லதுதானே? காரின் பின்புறம் அமிழவே இல்லை என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

பழைய மெக்கானிக்:

நீங்கள் மகிழ்ந்த அந்த விஷயம்தான் உங்களை நெடுஞ்சாலையில் உலுக்கியது. 620 கிலோவில் 21 என்பது நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. பொதுவான ட்ரெய்லருக்கு இந்த நாட்டில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். எஞ்சின் பின்னால் தொங்கும் சிறு படகுக்குக் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் ஏழு விழுக்காட்டுக்குக் கீழே நான் போகவிடமாட்டேன். முன்புறம் இலேசாகிவிட்டால் எடையின் நடுப்புள்ளி அச்சுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அப்போது காற்றோ, பக்கத்தில் கடக்கும் லாரியோ ஒரு தட்டு தட்டினால், பின்னால் இருக்கும் எஞ்சினின் கனம் ஊசலைப்போல் வீசத் தொடங்குகிறது. குறைந்த வேகத்தில் அந்த ஊசல் தானாகவே அடங்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். உங்களுக்கு அந்த எல்லை 85. எத்தனை குதிரைத்திறன் உள்ள காரைக் கட்டினாலும் ட்ரெய்லரின் இந்தக் குணம் மாறாது.

பணம் செலவழிக்காமல் தொடங்கலாம். பெட்ரோல் தொட்டியும் ஐஸ் பெட்டியும் படகில் எங்கே இருக்கின்றன?

கெண்டை:

இரண்டுமே பின்னால்தான், எஞ்சினுக்குப் பக்கத்தில். 25 லிட்டர் தொட்டி நிறைய பெட்ரோல். ஐஸ் பெட்டி ஏறத்தாழ 20 கிலோ.

பழைய மெக்கானிக்:

தொட்டியும் பெட்ரோலும் சேர்ந்து 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு மீட்டர் முன்னால் நகர்த்திக் கட்டினால், 20ஐ 2ஆல் பெருக்கி 3.6ஆல் வகுக்க, டோ பாலில் 11 கிலோ கூடும். ஐஸ் பெட்டி அச்சுக்குப் பின்னால் 1.6 மீட்டரில் இருக்கிறது என்று கொண்டால், அதைப் படகிலிருந்து எடுத்துக் காருக்குள் வைப்பதால் மேலும் 9 கிலோ கூடும். ஆக 41 வந்துவிட்டது, ட்ரெய்லரின் மொத்தமும் 600 ஆகிவிட்டது.

மிச்சத்தை அச்சில்தான் தேட வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொண்டிகள் சட்டத்தோடு போல்ட்டில் முடுக்கப்பட்டிருந்தால், அச்சை முழுதாக 60 மில்லிமீட்டர் பின்னால் தள்ளுங்கள்; 600ஐ 0.06ஆல் பெருக்கி 3.6ஆல் வகுத்தால் 10 கிலோ. மட்கார்டையும் அதே அளவு நகர்த்த மறக்க வேண்டாம். முடுக்குவதற்கு முன் கப்ளிங்கின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நாடா பிடித்து அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ட்ரெய்லர் நண்டுபோல் கோணலாக வரும். கொண்டிகள் வெல்டிங் செய்யப்பட்டிருந்தால் அச்சைத் தொடாமல், படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச்சின் கம்பத்தை முன்னால் நகர்த்திப் படகையே முன்னே இழுக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சினைச் சுமக்கும் பின்பலகை கடைசி உருளையின் மேல் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், அந்த உருளையையும் கூடவே முன்னுக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

படகின் பின்புறத்தை ட்ரெய்லரோடு பட்டையால் இறுக்கியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முன்னால் வின்ச் மட்டும் பிடித்திருந்தால் படகு ட்ரெய்லரின் மேலேயே தனியாக ஆடும். டயர் காற்றையும் பாருங்கள். பல மாதம் கொல்லையில் நின்ற ட்ரெய்லரின் டயரில் காற்று பாதிதான் இருக்கும்.

இனி ஒருவேளை ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், திருப்பித் திருப்பிச் சரிசெய்யவும் முயலாதீர்கள். பிரேக் இல்லாத ட்ரெய்லர், கார் மட்டும் நிற்கும்போது பின்னாலிருந்து முட்டித் தள்ளும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், அவ்வளவுதான்.

கரைவலை:

தம்பி, ஆட்டத்தைப் பற்றி மேலே எழுதியவர் சரியாகச் சொல்லிவிட்டார். நான் மற்ற இரண்டையும் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளர்ந்தவன் என்றாலும் ரெயிலரில் வள்ளம் இழுக்கப் பழகியது இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான், ஏனென்றால் எங்கள் ஊரில் வள்ளம் கடலை விட்டு இவ்வளவு தூரம் போவதில்லை.

ஒரு விளக்கைப் போட இன்னொன்று சேர்ந்து மினுக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த் இணைப்பை. ஏழு முனை பிளக்கில் வெள்ளை வயர் எர்த்; மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, மண்ணிறம் பின்விளக்கு. வெள்ளை வயர் ரெயிலரின் சட்டத்தில் திருகப்பட்ட இடத்தில் உப்புத் தண்ணீரால் துரு ஏறியிருக்கும். திரும்பிப்போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கும், அதனால்தான் அதுவும் மினுக்குகிறது. திருகைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை அரத்தால் தேய்த்து, புதிய முனை போட்டுப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். துறையில் பின்னோக்கித் தண்ணீருக்குள் இறங்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கத்தையும் இன்றே தொடங்குங்கள். சூடான பல்பு குளிர்ந்த தண்ணீரில் பட்டால் வெடித்துவிடும்.

சூடான சக்கரம்தான் எனக்குக் கவலை. உங்கள் ரெயிலரில் பிரேக் இல்லை என்பதால் அந்தச் சூட்டுக்குப் பேரிங்கைத் தவிர வேறு காரணம் அனேகமாக இருக்க முடியாது. ஒரு மணி நேரம் ஓடிய ஹப், அதாவது பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி, சூடேறி, உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அப்படியே கடலுக்குள் இறக்கினால் அந்தக் காற்று சட்டெனச் சுருங்கி, சீலைத் தாண்டி உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அதனால் துறைக்குப் போனதும் அவசரப்படாமல், தூண்டில்களை எடுத்துவைத்து, உயிர்காப்பு அங்கிகளைப் போட்டு முடிக்கும்வரை சக்கரங்களை ஆறவிட வேண்டும்.

இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள்; பிறகு சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருக்கிறதா? அப்படியென்றால் தண்ணீர் போய்விட்டது. கழுவிப் பூசுவதில் பயனில்லை, இரண்டு பேரிங்கும் சீலும் புதிதாக வாங்க வேண்டும். கடையில் எல்.எம். வகையா எஸ்.எல். வகையா என்று கேட்பார்கள். பழைய பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டினால் போதும். அது முடியும்வரை ரெயிலரை நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

நெடுஞ்சாலை:

எடையைப் பற்றிய கணக்கைப் பார்த்த பிறகு என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். என்னுடைய படகையும் அளந்து பார்க்கப் போகிறேன். கெண்டை, உங்கள் வீட்டில் சிவப்புப் பி தகடு (புதிதாக உரிமம் பெற்றவர்கள் காரில் மாட்டுவது) வைத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால், விக்டோரியாவில் ஒரு சில விலக்குகளைத் தவிர அவர்கள் ட்ரெய்லர் இழுக்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கெண்டை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கொண்டிகள் போல்ட்டில்தான் இருந்தன. ஆனால் போல்ட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்ததால் நான்கில் இரண்டை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. அச்சை 60 மில்லிமீட்டர் தள்ளி, பெட்ரோல் தொட்டியை முன்னே கட்டி, ஐஸ் பெட்டியைக் காருக்குள் கொண்டுவந்த பிறகு டோ பாலில் 52 கிலோ காட்டுகிறது. பின்புறத்துக்கு இரண்டு பட்டைகள் வாங்கினேன். டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது, நீங்கள் சொன்னபடியே.

இடது ஹப்பில் கிரீஸ் காப்பி நிறத்தில்தான் இருந்தது. பேரிங்குகளை மாற்றினேன், வலதையும் சேர்த்து. வெள்ளை வயர் கையோடு வந்துவிட்டது. திருகு இருந்த இடத்தில் துருவைத் தவிர ஒன்றுமில்லை. இப்போது விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன. ஞாயிறு காலை ஆளில்லாத சாலையில் மெல்ல மெல்ல வேகம் கூட்டி 95 வரை போனேன். லாரி ஒன்று கடந்தபோது இலேசான ஒரு தள்ளல், அதோடு நின்றுவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். பேரிங் நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும்? நான் கையால் முடிந்தவரை இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் பூட்டு ஊசியைப் போட்டிருக்கிறேன். 20 கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டு ஹப்பும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தன.

கரைவலை:

சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே ஸ்பானரால் இறுக்கி, பேரிங் உள்ளே நன்றாக உட்கார்ந்ததும் நட்டை முழுதாகத் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் திருகி, பூட்டு ஊசி நுழையும் அடுத்த துளைக்குப் பின்னோக்கித் திருப்பிப் பூட்டுங்கள். சக்கரம் தடையில்லாமல் சுழல வேண்டும், பிடித்து அசைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டும் இடைவெளி இருக்கலாம். பழைய ஊசியைத் திரும்பப் போட்டிருந்தால் எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.