புதுப்பிப்பு: மர பீரோவில் பிரஷ் கோடு போய்விட்டது

தருமபுரி வீட்டுப் படுக்கையறையில் உள்ள அம்மாவின் பழைய மர பீரோவுக்கு வெள்ளை எனாமல் பெயின்ட் அடித்ததில் கோடு கோடாக நிற்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பிரஷ்ஷை விட்டுவிட்டு சின்ன ஃபோம் ரோலர் வாங்கச் சொன்ன யோசனைதான். முதலில் 220 நம்பர் உப்புத்தாளால் கோடுகளைத் தேய்த்துச் சமமாக்கினேன். பிறகு மெல்லிசாக மூன்று கை (கோட்டிங்) பெயின்ட் அடித்தேன். ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதைவிட நைசான 320 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன். பெயின்ட்டை இளக்க டர்பன்டைன் கொஞ்சம் கூடுதலாகக் கலக்கச் சொன்னதையும் கதவின் உள்பக்கம் பார்த்தேன். பெயின்ட் வழிந்துவிட்டது, வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று. இரண்டாவது கை காய்ந்ததும் வெள்ளையில் டீக்கறை மாதிரி திட்டுகள்! பழைய பாலிஷ் கசிந்து மேலே வந்திருக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அந்த இடங்களில் பூசி, காய்ந்தபின் மூன்றாவது கை அடித்தேன். அதன்பிறகு கறை வரவில்லை. பாலிஷ் போட்ட மரமென்றால் இதை முதலிலேயே பூசிவிடுங்கள்.

மத்தியான வெயிலில் ரோலர் இழுப்பதற்குள் பெயின்ட் இறுகுகிறது. காலை ஏழு மணிக்கே அடித்ததுதான் வழவழவென்று வந்தது. அம்மா கதவைத் தடவித் தடவிப் பார்க்கிறார்.