புதுப்பிப்பு: என் கடத்தல்காரி கொஞ்சம் தேறிவிட்டாள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் கடத்தல்காரியாக நடிக்க ஆசை, ஆனால் விளையாட ஆரம்பித்தால் வெறும் ஜேப்படித் திருடியாகத்தான் இருக்கிறாள், என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முதல் சிக்கல் சரக்குதான். திருடிய பொருளை இன்னொரு ஆட்டக்காரருக்குக் கொடுக்க விளையாட்டு விடாது, மறைவிடத்து வியாபாரியிடம் காசு கொடுத்து திருட்டு முத்திரையை நீக்கி வெள்ளையாக்கிய பிறகுதான் கைமாற்ற முடியும். அதையே கதையாக்கிவிட்டேன்: அவள் திருடுவதில்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். சரக்கு, போதை தரும் நிலவுச் சர்க்கரை. அவள் கஜீத் என்ற பூனை மனித இனம், அவள் இனத்துக்கு அது புனிதம், அதனால் விற்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். நடிக்க இது ஒன்றே போதும்!

அப்புறம், வேகப் பயணத்தை நிறுத்தியதுதான் பெரிய மாற்றம். ஒரு சொடுக்கில் ஊர் மாறினால் அதில் என்ன கடத்தல்? இப்போது எங்கும் நடந்துதான் போகிறாள், ஓடுவதுகூடக் கிடையாது. எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

நேற்று துறைமுகத்தில் சரக்கு வாங்க வந்த இன்னொரு ஆட்டக்காரருடன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது காவலர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கணினி ஓட்டும் பாத்திரம், தலைக்கு அபராதம் இல்லாதவரை கண்டுகொள்ளவே மாட்டார். இருந்தாலும் நானும் வாங்க வந்தவரும் சட்டென்று தூண்டிலை எடுத்து மீன் பிடிக்க ஆரம்பித்துவிட்டோம். பத்து நிமிடம். பேரம் இன்னும் முடியவில்லை.